கடைசி தவணை யூரியா எப்போ போடணும்? வைக்கோலின் தரத்தை மாற்றும் உரக் கணக்கு - முழு விளக்கம்

நெல் அறுத்ததும் கிடைக்கும் வைக்கோல் மாட்டுக்கு ருசிக்குமா, இல்லை கால்வாசியைக் கழித்துப் போடுமா என்பது படப்பு போடும்போது மட்டும் முடிவாகும் விஷயம் இல்லை. அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே, வயலில் மேலுரம் தூவும் நாட்களிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மதுரை மாநகரம் விரிந்து விரிந்து வண்டியூர் போன்ற பகுதிகளில் வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆனால் மாடுகள் இன்னும் இருக்கின்றன. வயல் இல்லாமல் மாடு மட்டும் வைத்திருப்பவர்கள் வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் பக்கம் விளையும் வைக்கோலைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டு வைக்கோல் கேரளாவுக்கும் லாரி லாரியாகப் போகிறது. விலை கொடுத்து வாங்கும் பொருள் என்றான பிறகு, அதன் தரம் என்ன என்ற கேள்வியும் வருகிறது.

உரம் போடும் நேரத்தை மாற்றினால் வைக்கோலின் சத்து கூடுமா? எவ்வளவு கூடும்? எந்த இடத்தில் அது ஆபத்தாக மாறும்? பார்க்கலாம்.

சுருக்கமாக

- தழைச்சத்தை ஒரே மூச்சில் கொட்டாமல், கதிர் வரும் பருவம் வரை நான்கு தவணையாகப் பிரித்துப் போட்டால் மணியும் தேறும், வைக்கோலும் ஓரளவு சத்தோடு நிற்கும்.
- வைக்கோலுக்காக என்று கூடுதலாக யூரியா போட்டால் பயிர் சாயும், பூச்சி ஏறும். வைக்கோலும் கெடும்.
- புரதத்தைப் பெரிய அளவில் கூட்ட வேண்டுமானால் யூரியாவின் இடம் வயல் இல்லை. அறுத்த வைக்கோலில் முறைப்படி கலந்து ஊறப்போடுவதுதான் வழி.
- வைக்கோலை விற்றால் வயலின் சாம்பல் சத்தும் சேர்ந்து போகிறது. அதைத் திருப்பித் தராவிட்டால் அடுத்த போகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வைக்கோலில் என்ன இருக்கு, என்ன இல்லை?

மதுரைப் பக்கம் பேச்சில் 'வைக்கல்' என்பார்கள். நெல் வைக்கோலின் உலர் எடையில் புரதம் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு நார். அதில் சுமார் பாதியைக்கூட மாட்டால் முழுதாகச் செரிக்க முடிவதில்லை.

மாடு நாரைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிறான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அந்த நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய, மாடு தின்னும் மொத்தத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதம் அளவுக்காவது புரதம் வேண்டும். வைக்கோல் மட்டும் போட்டால் அந்த அளவு எட்டாது. நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். செரிமானம் மெதுவாகும். வயிறு நிறைந்தே இருக்கும், ஆனால் மாடு மெலியும். 'வைக்கோல் போட்டும் மாடு தேறல' என்று சொல்வதன் காரணம் இதுதான்.

நெல் வைக்கோலுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, சிலிக்கா எனும் மணல் போன்ற சத்து. சோளத்தட்டை, கோதுமைத்தாள் எதையும்விட நெல் வைக்கோலில் இது அதிகம். தாளின் மேல் கவசம் போலப் படிந்து நுண்ணுயிர்களை உள்ளே விடாது. இன்னொன்று, ஆக்சலேட். இது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறவை மாட்டுக்கு வைக்கோலோடு தாது உப்புக் கலவையும் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

போட்ட உரம் எங்கே போகுது?

புரதத்தின் மூலப்பொருள் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வைக்கோலில் இருக்கும் நைட்ரஜன் சதவீதத்தை 6.25-ஆல் பெருக்கினால் அதன் புரத அளவு வந்துவிடும். 0.55 சதவீதம் நைட்ரஜன் இருந்தால் சுமார் 3.4 சதவீதம் புரதம். 0.7 சதவீதம் இருந்தால் சுமார் 4.4 சதவீதம்.

நெல் பயிர் இளமையில் உறிஞ்சிய நைட்ரஜனை முதலில் இலையிலும் தாளிலும் சேர்த்து வைக்கும். பூத்த பிறகு கணக்கு மாறுகிறது. மணி பால் பிடிக்கத் தொடங்கியதும், இலையில் இருந்த புரதத்தை உடைத்து மணிக்கு அனுப்ப ஆரம்பிக்கும். அடி இலைகள் மஞ்சளாவது இதனால்தான். அறுப்பு சமயத்தில் பயிரின் மொத்த நைட்ரஜனில் ஏறக்குறைய 60 சதவீதம் மணியில் இருக்கும். மிச்சம்தான் வைக்கோலுக்கு.

ஆக, வைக்கோல் என்பது மணி எடுத்தது போக மீந்த பங்கு. பூக்கும் சமயத்தில் மண்ணில் தழைச்சத்து சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தால், மணியை நிரப்ப இலையையே பயிர் அதிகமாகக் கரைக்கும். வைக்கோல் சக்கையாகும். அந்த நேரத்தில் வேருக்கு அளவாகத் தழைச்சத்து கிடைத்தால், இலை இன்னும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். மணியும் நிரம்பும், தாளிலும் கொஞ்சம் மிஞ்சும். உரம் போடும் நேரத்துக்கும் வைக்கோலுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

நான்கு தவணை... எது எதுக்கு?

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையே தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் நான்கு சம பங்காகப் பிரித்துப் போடச் சொல்கிறது. வண்டியூருக்குப் பக்கத்தில், மேலூர் சாலையில் ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் மதுரை வேளாண் கல்லூரியும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது.

*அடியுரம்:* நாற்று வேர் பிடிக்கவும், முதல் தூர்கள் வரவும்.

*தூர் கட்டும் பருவம்:* தூர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். வைக்கோலின் அளவு, அதாவது எத்தனை கட்டு தேறும் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

*கதிர் உருவாகும் பருவம்:* தாளுக்குள் கதிரின் கரு உருவாகும் நேரம். ஒரு கதிரில் எத்தனை மணி என்பதற்கான உரம் இது. அறுப்புத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணினால் சுமார் 60 முதல் 65 நாள்.

*கதிர் வெளிவரும் பருவம்:* அறுப்புக்கு சுமார் 30 நாள் முன்பு. மணி நிரம்பவும், இலை பச்சை குறையாமல் நிற்கவும். வைக்கோலின் தரத்தைத் தொடும் தவணை இதுதான்.

நடைமுறையில் பலர் விட்டுவிடுவதும் இந்தக் கடைசி தவணையைத்தான். முதல் இரண்டு தடவையிலேயே மூட்டையைத் தீர்த்துவிட்டு, 'பயிர் கறுப்பா நிக்குது, இனி எதுக்கு' என்று விட்டுவிடுவது உண்டு. முன்பே கொட்டிய யூரியாவில் கணிசமான பங்கு தண்ணீரோடும் காற்றோடும் போயிருக்கும். பூக்கும்போது மண் காலியாக இருக்கும்.

ஏக்கருக்கு எவ்வளவு? மண் பரிசோதனை செய்யாதபோது, மத்திய, நீண்ட கால ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால், இது சுமார் 130 கிலோ யூரியா. அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நான்காகப் பிரித்தால் ஒரு தவணைக்கு முக்கால் மூட்டைக்குச் சற்று குறைவாக வரும். அடியுரமாக டிஏபி போட்டிருந்தால் அதிலும் தழைச்சத்து இருக்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. அதை யூரியா கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். குறுகிய கால ரகங்களுக்குப் பல பகுதிகளில் அளவு இதைவிடக் குறைவு. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதில் உள்ளதே கணக்கு.

நாள் பார்ப்பதா, நிறம் பார்ப்பதா?

நாள் கணக்கு ஒரு உத்தேசம்தான். பயிருக்குப் பசி இருக்கிறதா என்பதை அதன் இலையே சொல்லும். இதற்குத்தான் இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையில் இருந்து கரும்பச்சை வரை படிப்படியாக நிறம் கொண்ட சின்ன பிளாஸ்டிக் அட்டை இது.

நடவு செய்த 14-ம் நாளில் இருந்து கதிர் வரும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். வயலில் 10 இடங்களில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேரடி வெயில் இலையில் படாமல் உடம்பின் நிழலில் வைத்துப் பார்ப்பது முக்கியம். 10-ல் 6 இலைகள் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். பெரும்பாலான ரகங்களுக்கு அந்த எண் 4. வெள்ளைப் பொன்னி போன்று குறைந்த உரத்தில் விளையும் ரகங்களுக்கு 3.

கதிர் வரும் சமயத்தில் இலை ஏற்கெனவே கரும்பச்சையாக இருந்தால் கடைசி தவணை தேவையில்லை. போட்டால் நஷ்டம்தான்.

இதனால மாட்டுக்கு என்ன லாபம்?

ஒரு சின்ன கணக்கு. ஒரு மாடு தினமும் 4 கிலோ வைக்கோல் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.5 சதவீதம் புரதம் உள்ள வைக்கோலில் அதற்கு 140 கிராம் புரதம் போகும். 4.5 சதவீதம் உள்ளதில் 180 கிராம். வித்தியாசம் 40 கிராம்.

இந்த 40 கிராம் புரதத்தைக் கடலைப் புண்ணாக்கில் ஈடுகட்ட சுமார் 100 கிராம் புண்ணாக்கு வேண்டும். ஒரு கைப்பிடி. பார்க்கச் சின்னது. வருஷத்துக்குக் கூட்டினால் மாடு ஒன்றுக்கு 36 கிலோ புண்ணாக்கு. நான்கு மாடு வைத்திருப்பவருக்கு ஒன்றரை குவிண்டாலுக்குச் சற்றே குறைவு. வாங்கும் உரம் அதே உரம். பிரித்துப் போடும் நாள் மட்டும்தான் மாறுகிறது. செலவு கூடாமல் கிடைப்பது என்பதால் இதை விடக் கூடாது.

ஆனால் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. நல்ல உரக் கணக்கில் விளைந்த வைக்கோலும் 7 சதவீதத்தைத் தொடாது. பசுந்தீவனம், தவிடு, புண்ணாக்கு தேவை அப்படியேதான் இருக்கும்.

அப்போ கடைசியில ஒரு மூட்டை சேர்த்துப் போட்டா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று கொள்வோம். அதன் புரதத்தை 4-ல் இருந்து 7 சதவீதமாக்க 60 கிலோ புரதம் கூடுதலாக வேண்டும். நைட்ரஜனாகச் சொன்னால் 9.6 கிலோ. சின்ன எண்ணாகத்தான் தெரிகிறது.

ஆனால் தண்ணீர் நிற்கும் நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 40 சதவீதம் அளவுதான். எடுத்ததிலும் பெரும்பங்கு மணிக்குப் போகும். கடைசியில் வைக்கோலில் தங்குவது போட்டதில் தோராயமாக 15 சதவீதம். அப்படிப் பார்த்தால் 9.6 கிலோ தங்க, 64 கிலோ நைட்ரஜன் போட வேண்டும். அதாவது பரிந்துரைத்த மொத்த அளவை இரண்டு மடங்காக்க வேண்டும்.

இரண்டு மடங்கு தழைச்சத்தை எந்த நெல் ரகமும் தாங்காது. அளவு மீறினால் வரிசையாக இவை நடக்கும்:

- *சாய்வு:* தாள் மென்மையாகி, மழைக்காற்றில் பயிர் படுத்துவிடும். சேற்றில் கிடந்த வைக்கோல் கறுத்து, பூஞ்சை பிடிக்கும்.
- *நோய்:* குலை நோய், இலையுறை கருகல் இரண்டுக்குமே கொழுத்த பயிர் பிடிக்கும்.
- *பூச்சி:* புகையான், இலைச்சுருட்டுப் புழு தாக்குதல் கூடும். புகையான் விழுந்த இடத்தில் தாளே காய்ந்து தீய்ந்துபோகும்.
- *மருந்து:* பூச்சி வந்தால் மருந்து அடிப்பார்கள். அறுப்புக்கு நெருங்கி அடித்த மருந்தின் மிச்சம் மணியில் மட்டும் இருக்காது, வைக்கோலிலும் இருக்கும். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கணக்கு மாட்டுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தழைச்சத்து கூடும்போது வைக்கோலில் சிலிக்காவின் சதவீதம் குறையும். மாட்டின் வயிற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் பயிரை நிமிர்த்தி நிறுத்துவதும் நோயைத் தடுப்பதும் அதே சிலிக்காதான். மாட்டுக்கு வசதியானது பயிருக்கு ஆபத்தாகும் இடம் இது. அதனால்தான் அளவு முக்கியம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: மேலுரம் தூவிய வயலில் தேங்கிய தண்ணீரை மாடு குடிக்க விடக் கூடாது. யூரியா மூட்டையும் மாடு நாவால் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. நேரடியாக வயிற்றுக்குள் போகும் யூரியா மாட்டைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும்.

தரமான தட்டைக்கு விலை கிடைக்குமா? ஐதராபாத் சொன்ன பதில்

'நல்ல வைக்கோலா இருந்தா மட்டும் யார் கூடக் காசு தரப்போறா' என்று கேட்கலாம். ஐதராபாத் நகரத்தில் பால் மாடு வளர்ப்பவர்களுக்கு விற்கப்படும் சோளத்தட்டையை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தையில் இருந்த தட்டைகளின் செரிமானத் தன்மை 47 முதல் 52 சதவீதம் வரை இருந்தது. வெறும் 5 புள்ளி வித்தியாசம். ஆனால் மேலே இருந்த தட்டைக்கும் கீழே இருந்ததற்கும் விலையில் 25 சதவீதம் அளவுக்கு வித்தியாசம் இருந்தது.

வாங்கியவர்கள் கையில் ஆய்வகம் கிடையாது. கண்ணால் பார்த்து, தொட்டுப் பார்த்து, மாடு தின்னும் விதத்தை வைத்தே தரம் பிரித்தார்கள். வயல் இல்லாத நகர்ப்புற மாட்டுக்காரர்கள் தரத்துக்குக் காசு தரத் தயார் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. மதுரையின் ஓரப் பகுதிகளுக்கும் இது பொருந்தக்கூடிய பாடம்.

வயலில் சேர்த்த சத்து களத்தில் போகாம இருக்க...

உரத்தில் கவனம் வைத்துவிட்டு அறுப்பில் கோட்டை விட்டால் பயன் இல்லை.

*அறுக்கும் நாள்:* கதிர்களில் 80 சதவீதம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அறுக்கலாம். தள்ளிப்போடப் போட இலை உதிரும், தாள் முற்றும்.

*அறுக்கும் உயரம்:* நெல்லில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற பல தானியங்களில் தண்டைவிட இலைதான் நன்றாகச் செரிக்கும். நெல்லில் இலையில் சிலிக்கா அதிகம் என்பதால், தண்டுதான் மேல். அறுவடை இயந்திரம் உயரமாக அறுத்தால், மாட்டுக்கு நல்லதான அடித்தண்டு கட்டையாக வயலிலேயே நின்றுவிடும். தரை காய்ந்த வயலில், இயந்திர ஓட்டுநரிடம் தாழ்த்தி அறுக்கச் சொல்வது நல்லது.

*காய்ச்சல்:* ஈரத்தோடு கட்டுப் போட்டால் உள்ளே சூடேறி பூஞ்சை வரும். மழையில் நனைந்தால் கரையும் சத்துகள் கழுவிப் போய்விடும்.

பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு இது கூடுதல் சிக்கல். ஜூனில் தண்ணீர் திறந்து நட்ட முதல்போகம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் அறுப்புக்கு வரும். தை, மாசியில் அறுக்கும் வைக்கோல் வெயிலில் நன்றாகக் காயும். மேலூர் பக்கத்து ஒருபோக நிலங்களுக்கும் அந்த வசதி உண்டு. வருஷத்துக்குச் சேர்த்து வைக்க வைக்கோல் வாங்குபவர்கள் இந்த இரண்டாவது பருவத்தைக் குறிவைப்பது நல்லது.

சோளத்தட்டை, கடலைக்கொடிக்கு என்ன கணக்கு?

உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் பக்கம் மானாவாரிச் சோளம் இருக்கிறது. மானாவாரிக்குப் பரிந்துரை எக்டருக்கு 40 கிலோ தழைச்சத்து. இறவைக்கு 90 கிலோ. இறவையில் பாதியை அடியுரமாகவும், மீதியை 15, 30-ம் நாட்களில் இரண்டாகவும் பிரித்துப் போட வேண்டும். நெல்லைப் போலக் கதிர் வரும் வரை இழுக்க வேண்டியதில்லை.

சோளத்திலும் மக்காச்சோளத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அதிகத் தழைச்சத்து போட்டு, பிறகு மழை பொய்த்துப் பயிர் வாடினால், அடித்தண்டில் நைட்ரேட் சேரும். அந்தத் தட்டை மாட்டுக்கு விஷம். காய வைத்தாலும் நைட்ரேட் குறையாது. இளம் சோளப் பயிரில் இருக்கும் சைனைடு வேறு. அது பூக்கும் பருவத்துக்குப் பிறகும், நன்கு காய்ந்த பிறகும் குறைந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கடலைக்கொடி இந்தக் கதையில் தனி ராஜா. பயறு வகைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகள் வழியே காற்றில் இருக்கும் நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். நெல் வைக்கோலைவிட இரண்டு, மூன்று மடங்கு புரதம் இதில் இருக்கும். இங்கே யூரியாவைவிட முக்கியம், இலைப்புள்ளி நோயில் இலை கொட்டாமல் காப்பதும், கொடி பச்சையாக இருக்கும்போதே பறிப்பதும்தான். நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் உளுந்து தெளித்தால் அதன் கொடியும் மாட்டுக்கு ஆகும். வைக்கோலோடு கொஞ்சம் கொடியைக் கலந்து போட்டாலே செரிமானம் மேம்படும்.

யூரியாவை வைக்கோலிலேயே கலக்கலாமா?

கலக்கலாம். புரதத்தை 4-ல் இருந்து 7, 8 சதவீதம் வரை கொண்டு போக நிரூபிக்கப்பட்ட வழி இது. இலங்கையில் 1980-களில் 'வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம்' என்ற பெயரிலேயே இதைச் சோதித்தார்கள். இந்தியாவிலும் பல ஆண்டுகளாகப் பரிந்துரையில் இருக்கிறது.

செய்முறை:

1. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதற்கு மேல் ஒரு கைப்பிடி கூடச் சேர்க்கக் கூடாது.
2. யூரியாவை சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்.
3. வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் ஒவ்வொரு அடுக்கிலும் சீராகத் தெளித்து, மிதித்து அழுத்த வேண்டும்.
4. தார்ப்பாய் அல்லது பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட வேண்டும்.
5. தேவையானதை மட்டும் எடுத்து, அம்மோனியா நெடி போகும்வரை ஆறவிட்டு மாட்டுக்குப் போட வேண்டும். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

மூடிய வைக்கோலுக்குள் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அது நாரோடு லிக்னின் பிணைந்திருக்கும் கட்டுகளைத் தளர்த்துகிறது. புரதமும் கூடும், செரிமானமும் கூடும்.

45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலைப்படி, 4 கிலோ யூரியாவுக்கு ஆகும் செலவு சுமார் 24 ரூபாய். வயலில் கூடுதலாக ஒரு மூட்டை கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. பட்டினி கிடந்த மாட்டுக்கு எடுத்ததும் போடக் கூடாது. கரைசல் மிச்சம் இருக்கும் வாளியை மாட்டின் பக்கத்தில் வைக்கவே கூடாது. வயிறு உப்பி, நுரை தள்ளி, உடல் நடுங்கினால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962.

வைக்கோலை விற்றால் வயலுக்கு என்ன குறையும்?

பலரும் யோசிக்காத கணக்கு இது. தழைச்சத்து மணிக்குப் போகிறது என்றால், சாம்பல் சத்து தலைகீழ். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வைக்கோலில்தான் இருக்கும். ஒரு டன் வைக்கோல் வயலை விட்டுப் போனால் கூடவே 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் போகிறது. 5 முதல் 8 கிலோ நைட்ரஜனும் போகிறது.

ஏக்கருக்கு 2 டன் வைக்கோலை வண்டி ஏற்றினால் 24 முதல் 34 கிலோ பொட்டாசியம் காலி. உர மூட்டைக் கணக்கில் சொன்னால் சுமார் 29 முதல் 41 கிலோ சாம்பல் சத்து. எக்டருக்கு 50 கிலோ என்ற பரிந்துரைப்படி ஏக்கருக்குப் போடுவது 20 கிலோதான். வரவைவிடச் செலவு அதிகம்.

பொட்டாசியம் குறைந்தால் தாள் பலவீனமாகும், பயிர் சாயும், நோய் எளிதாகப் பிடிக்கும். அடுத்த போகத்தின் வைக்கோலும் சேர்ந்தே கெடும். வீட்டு மாடு தின்றால் சாணம், கோமியம் வழியாகப் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும். அதிலும் பொட்டாசியம் அதிகமாக இருப்பது கோமியத்தில். தொழுவத்தில் கோமியத்தை ஓடவிட்டு, சாணத்தை மட்டும் வயலுக்குக் கொண்டு போனால் பாதி போயிற்று.

மதுரை, சிவகங்கைப் பக்கம் புலிக்குளம் மாடுகளை வயலில் கிடை போடும் பழக்கம் இந்தக் கணக்கைத்தான் நேர் செய்கிறது. ராத்திரி முழுக்க மாடுகள் வயலிலேயே நிற்கும்போது சாணமும் கோமியமும் நேராக மண்ணுக்கே போய்விடுகின்றன. வைக்கோலை முழுதாக விற்பவர்கள் கிடை போடலாம், தொழு உரம் போடலாம், அல்லது மண் பரிசோதனை பார்த்து பொட்டாஷ் அளவைக் கூட்டலாம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

- *நிறம்:* லேசான பச்சை கலந்த பொன் நிறம் நல்லது. கறுப்பு, சாம்பல் திட்டுகள் இருந்தால் வேண்டாம்.
- *மணம்:* உலர்ந்த புல் மணம் இருக்க வேண்டும். மக்கின வாடை, தூசி பறந்தால் பூஞ்சை.
- *கட்டின் உள்பக்கம்:* உருளைக் கட்டின் வெளிப்புறம் நன்றாக இருக்கும். நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடோ ஈரமோ தெரிந்தால் தவிர்க்கவும்.
- *தாள்:* மடக்கினால் வளையும் தண்டு நல்லது. சேறு ஒட்டிய தாள், சாய்ந்த பயிரில் இருந்து வந்ததாக இருக்கலாம்.
- *கேள்வி:* என்ன ரகம், எப்போது அறுத்தது, கடைசியாக எப்போது மருந்து அடித்தது? ரகத்துக்கு ரகம் வைக்கோலின் செரிமானத் தன்மை மாறும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*பால் பிடித்த பிறகு யூரியா போட்டால் வைக்கோல் பச்சையாக இருக்குமே?*
பச்சையாக இருக்கும். ஆனால் கதிர் முதிர்வது தள்ளிப்போகும், பயிர் சாயும் அபாயம் கூடும். கதிர் வெளிவரும் பருவத்தோடு தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும்.

*வைக்கோலுக்காக மட்டும் நெல் உரக் கணக்கை மாற்றலாமா?*
வேண்டாம். மணிக்குச் சரியான கணக்கே வைக்கோலுக்கும் சரியான கணக்கு. நான்கு தவணையும் அளவும் தப்பாமல் இருந்தால் போதும்.

*சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது?*
அந்தந்த வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551-ல் தமிழிலேயே பேசலாம். மாட்டுத் தீவனம் பற்றி அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.